அணுக்கடிகாரத்துக்கு எதற்கு இவ்வளவு குளிர்?

கேள்வி இது: "அணுக்கடிகாரங்களில் அணுக்களைச் சுழியக் கெல்வினுக்கு மிக அருகே வரை குளிர வைக்கிறார்களாம். குளிர்ந்தால் அணுவின் துடிப்பு சீராகிவிடுமா? அதையும் லேசரால் செய்கிறார்கள் என்கிறார்கள். லேசர் இரும்பையே வெட்டுமே, அது எப்படிக் குளிர வைக்கும்? கடைசியில் இத்தனை துல்லியம் யாருக்கு வேண்டும்?"

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: இல்லை. அணுவின் உள்ளே இருக்கும் துடிப்பைக் குளிர் எதுவும் செய்வதில்லை. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்பதால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

சீசியம்-133 அணுவின் அடிநிலையில் மிக நெருக்கமாக இரண்டு ஆற்றல் படிகள் உண்டு. அணுக்கருவின் சுழற்சியும் வெளிவட்ட எலக்ட்ரானின் சுழற்சியும் ஒரே பக்கம் இருந்தால் ஒரு படி, எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் இன்னொரு படி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அணுவைத் தாவ வைக்கும் நுண்ணலையின் அதிர்வெண் 9,192,631,770 ஹெர்ட்ஸ். 1967 முதல் ஒரு நொடி என்பதன் வரையறையே இந்த எண்தான். டோக்கியோவில் இருக்கும் சீசியம் அணுவுக்கும் பாரிஸில் இருப்பதற்கும் இதில் வித்தியாசம் கிடையாது. அடுப்பில் இருந்து வெளியே வரும் அணுவுக்கும் உறைந்த அணுவுக்கும் கிடையாது.

அப்படியானால் குளிர் எதற்கு? வாயுவாக இருக்கும் அணுக்களைப் பொறுத்தவரை வெப்பநிலை என்பது அவை எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்பதன் அளவு, அவ்வளவுதான். அறை வெப்பநிலையில் ஒரு சீசியம் அணு நொடிக்கு 200 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதே அணுக்கூட்டத்தை 1 மைக்ரோ கெல்வினுக்குக் கொண்டுவந்தால், அதாவது சுழியக் கெல்வினுக்கு (சுமார் மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்) மேலே ஒரு டிகிரியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு, வேகம் நொடிக்குச் சுமார் 1 சென்டிமீட்டர். எறும்பு வேகம். நமக்குத் தேவைப்படுவது இந்த நிதானம்தான்.

அணுக்கடிகாரத்தில் உண்மையில் ஓடிக்கொண்டிருப்பது அணு அல்ல, சீரான நுண்ணலை தரும் ஒரு கருவி: குவார்ட்ஸ் அலையாக்கி, அல்லது ஹைட்ரஜன் மேசர். அணு அதற்குப் பக்கத்தில் நிற்கும் தணிக்கையாளர். அலையாக்கி தரும் நுண்ணலையை அணுமீது காட்டி, அதிர்வெண் சரியாக 9,192,631,770இல் இருக்கிறதா, மேலே கீழே போயிருக்கிறதா என்று அணுவைக் கேட்கிறோம். போயிருந்தால் திருத்துகிறோம். கேள்வி கேட்கும் முறையை 1949இல் நார்மன் ராம்சே சொன்னார். அணுவுக்கு நுண்ணலையை ஒருமுறை சிறிது காட்டு, பிறகு சும்மா விடு, மறுபடி ஒருமுறை காட்டு. நடுவில் விட்ட இடைவெளியில் அணு தன் பாட்டுக்குத் துடிக்கிறது, அலையாக்கியும் தன் பாட்டுக்குத் துடிக்கிறது. இரண்டாவது முறை சந்திக்கும்போது இரண்டும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது தெரிந்துவிடும். இதற்காக ராம்சேவுக்கு 1989இல் நோபல் கிடைத்தது.

இரண்டு கைக்கடிகாரங்களை ஒப்பிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரே நேரம் வைத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் எது வேகமாக ஓடுகிறது என்று சொல்லவே முடியாது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். அணுக்கடிகாரத்திலும் அந்த இடைவெளிதான் எல்லாம். இடைவெளி இரண்டு மடங்கானால் அளவின் கூர்மையும் இரண்டு மடங்காகும்.

1955இல் லண்டனுக்குப் பக்கத்தில் டெடிங்டனில் லூயி எஸ்ஸெனும் ஜாக் பாரியும் இயக்கிய முதல் சீசியம் கடிகாரத்திலும், அதற்குப் பின் வந்த பல பத்தாண்டுகளின் கடிகாரங்களிலும், அணுக்கள் அடுப்பிலிருந்து கற்றையாகப் பாய்ந்து வந்தன. ஒரு மீட்டர் தூரத்தை நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் கடக்கும் அணுவிடம் உங்களுக்குக் கிடைப்பது 5 மில்லி நொடி. அதற்குள் கேள்வியைக் கேட்டு முடிக்க வேண்டும். குழாயை நீட்டினால் கொஞ்சம் கூடும், ஆனால் கற்றை விரிந்துபோகும், புவியீர்ப்பில் வளையும். எவ்வளவு நீட்டுவது?

ஜெரால்டு சக்கரியாஸ் என்பவர் 1950களில் எம்.ஐ.டி.யில் அழகான ஒரு யோசனை செய்தார். கற்றையைக் கிடையாக விடாமல் செங்குத்தாக மேலே விடுவோம். கூட்டத்தில் மெதுவாகப் போகும் சில அணுக்கள் மேலே போய், நின்று, திரும்பக் கீழே விழும். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை நுண்ணலையைக் காட்டினால் நடுவில் முழுதாக ஒரு நொடி கிடைக்கும். ஆள் உயரத்தைத் தாண்டிய கருவியைக் கட்டியும் பார்த்தார். ஓர் அணுவும் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை. மெதுவாகப் போகும் சில அணுக்களைப் பின்னால் வந்த வேகமான அணுக்கள் மோதித் தள்ளிவிட்டன. யோசனையில் குறை இல்லை, அணுக்கள்தான் இன்னும் தயாராக இருக்கவில்லை. அதற்கு முப்பது ஆண்டு ஆனது.

இப்போது லேசர் கேள்விக்கு வருவோம்.

ஓர் ஒளித்துகள் அணுவில் வந்து விழும்போது அதன் உந்தமும் அணுவுக்கு வந்து சேர்கிறது. சீசியத்தில் 852 நானோமீட்டர் ஒளியின் ஒரு துகள் தரும் தட்டல் நொடிக்கு 3.5 மில்லிமீட்டர். 200 மீட்டர் வேகத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அணு அந்த ஒளியை விழுங்கி, உமிழ்ந்து, மறுபடி விழுங்க எடுத்துக்கொள்ளும் நேரம் மிகக் குறைவு. நொடிக்கு ஒன்றரைக் கோடித் தட்டல்கள் வரை வாங்கிக்கொள்ளும். கணக்குப் போட்டால் வேகத்தைக் குறைக்கும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல ஐயாயிரம் மடங்குக்கு மேல் வருகிறது. சுமார் 60,000 தட்டல்களில், சில மில்லி நொடிக்குள், அணு நின்றுவிடும்.

எதிரே வரும் அணுவை மட்டும் தட்ட வேண்டும், விலகிப் போகும் அணுவைத் தட்டக் கூடாது. தட்டினால் வேகம் கூடிவிடும். அதற்கு டாப்ளர் விளைவு இருக்கிறது. லேசரின் அதிர்வெண்ணை, அணு விழுங்க விரும்பும் அதிர்வெண்ணுக்குச் சற்றுக் கீழே வைக்கிறார்கள். லேசரை நோக்கி ஓடி வரும் அணுவுக்கு அந்த ஒளி சற்று உயர்ந்த அதிர்வெண்ணில் தெரியும், பொருந்திவிடும், விழுங்கும், தட்டு வாங்கும். விலகி ஓடும் அணுவுக்கு இன்னும் கீழே போய்விடும், பொருந்தாது. ஆறு பக்கமும் இப்படி லேசர் வைத்தால் அணு எந்தப் பக்கம் ஓடினாலும் அந்தப் பக்கத்தில் இருந்து தடை வரும். தியோடோர் ஹென்ஷ், ஆர்தர் ஷாலோ என்ற இரு இயற்பியலாளர்கள் 1975இல் இதைத் தாளில் எழுதினார்கள். 1985இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவன் சூவின் குழு சோடியம் அணுக்களை வைத்துச் செய்தே காட்டியது.

ஆற்றல் எங்கே போனது என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அணு விழுங்கிய ஒளி சற்றுக் குறைந்த ஆற்றல் கொண்டது, உமிழும் ஒளி சராசரியாகச் சற்று அதிக ஆற்றல் கொண்டது. அந்த வித்தியாசம் அணுவின் ஓட்டத்தில் இருந்து எடுக்கப்பட்டது. சூடு ஒளியாக எல்லாத் திசையிலும் சிதறி வெளியே போய்விடுகிறது. இரும்பை வெட்டும் லேசரில் விழுங்கிய ஆற்றல் உள்ளேயே தங்கிவிடும். இங்கே தங்குவதில்லை, அதுதான் வேறுபாடு.

இந்த முறையால் எவ்வளவு குளிர வைக்க முடியும் என்பதற்குக் கணக்கு ஓர் எல்லை சொன்னது. சோடியத்துக்கு 240 மைக்ரோ கெல்வின், சீசியத்துக்கு 125. ஆனால் 1988இல் அமெரிக்காவின் கெய்தர்ஸ்பர்கில் வில்லியம் பிலிப்ஸ் குழு, லேசர்களை அணைத்துவிட்டு அணுக்கள் விழுந்து பரவும் நேரத்தை அளந்து பார்த்தபோது சோடியத்தின் வெப்பநிலை 40 மைக்ரோ கெல்வின் என்று வந்தது. கணக்கு அனுமதித்ததைவிட ஆறு மடங்கு குளிர். ஆய்வகத்தில் எதிர்பார்த்ததைவிட நல்ல விடை வருவது அபூர்வம். வந்தால் கருவியில்தான் கோளாறு என்று சந்தேகப்படுவார்கள். அவர்களும் வேறு வேறு வழிகளில் அளந்து உறுதி செய்த பிறகுதான் வெளியே சொன்னார்கள். காரணத்தை விளக்கியவர்களில் முக்கியமானவர் பாரிஸின் கோஹன்-தனூஜி. எதிரெதிரே வரும் லேசர்கள் சேரும் இடத்தில் ஒளியின் முனைவாக்கம், அதாவது ஒளியலை அதிரும் திசை, அலைநீளத்துக்குள்ளேயே மாறி மாறி வருகிறது. அதனால் அணுவின் ஆற்றல் மேடு பள்ளமாகிறது. அணு மேடேறி உச்சிக்கு வரும் நேரத்தில் ஒளி அதை வேறொரு நிலைக்குத் தள்ளிவிடும், அந்த நிலைக்கு அதே இடம் பள்ளம். மறுபடி ஏற வேண்டும். ஏறுவது மட்டுமே அணுவின் தலையெழுத்து, ஒவ்வோர் ஏற்றத்திலும் வேகம் குறையும். சூ, கோஹன்-தனூஜி, பிலிப்ஸ் மூவருக்கும் 1997இல் நோபல்.

இந்தக் கண்டுபிடிப்பு ஏன் கடிகாரத்துக்கு உயிர் என்று காட்டுகிறேன். இப்போதைய சீசியம் நீரூற்றுக் கடிகாரத்தில் சுமார் ஒரு கோடி அணுக்களை ஒரு சிறு உருண்டையாகத் திரட்டுகிறார்கள். பிறகு மேல் நோக்கிய லேசரின் அதிர்வெண்ணைக் கொஞ்சம் ஏற்றி, கீழ் நோக்கியதைக் கொஞ்சம் இறக்கினால் உருண்டை முழுவதும் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் மேலே எழும்புகிறது. உடனே எல்லா லேசரையும் அணைத்துவிடுவார்கள், ஏனென்றால் ஒளி பட்டால் அணுவின் படிகள் நகர்ந்துவிடும். இருட்டில், வெற்றிடத்தில், உருண்டை மேலே போகிறது. வழியில் செம்பாலான ஒரு நுண்ணலைக் குழி. அதில் இருப்பது சுமார் 1 சென்டிமீட்டர் துளை. அதற்குள் நுழைந்து மேலே போய், நின்று, அதே துளை வழியாகத் திரும்ப வேண்டும். இடையில் அரை நொடிக்கு மேல் ஆகிறது. 125 மைக்ரோ கெல்வினில் அணுக்கள் நொடிக்கு 14 சென்டிமீட்டர் பரவும். அரை நொடியில் உருண்டை கையளவுக்கு மேல் விரிந்து, துளைக்குள் திரும்புவது மிகச் சிலவாகவே இருக்கும். 1, 2 மைக்ரோ கெல்வினில் விரிவு சென்டிமீட்டர் கணக்கிலேயே நிற்கும். போதுமான அணுக்கள் திரும்பி வரும். சக்கரியாஸ் கேட்டது இதைத்தான். போகவும் வரவும் ஒரே குழி என்பதில் இன்னொரு நன்மை: பழைய கடிகாரங்களில் தனித்தனியாக இருந்த இரண்டு நுண்ணலைப் பகுதிகளுக்கு இடையே வரும் கட்ட வேறுபாடு (ஓர் அலை மற்றதைவிட முன்பின்னாக இருப்பது) இங்கே பெருமளவு ஒழிந்தது.

அரை நொடி இடைவெளி கிடைத்தால் கேள்வியின் கூர்மை 1 ஹெர்ட்ஸ். 919 கோடியில் 1. அந்தக் கோட்டின் நடுவையும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கண்டுபிடித்தால் 10⁻¹⁶ அளவு துல்லியம் வரும். சாதிக்க முடிகிறது. அமெரிக்காவின் பௌல்டரில், அந்நாட்டின் தேசிய அளவியல் நிறுவனமான நிஸ்டில், 1999இல் ஓடத் தொடங்கிய நிஸ்ட்-எஃப்1, 2014இல் வந்த எஃப்2 இரண்டும் இந்த வகை. எஃப்2 30 கோடி ஆண்டுக்கு ஒரு நொடி தவறும் என்று அறிவித்தார்கள்.

சரி, குளிர்ந்தால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்ததா? இல்லை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான். மெதுவாக ஓடும் அணுக்கள் குறைவாக மோதிக்கொள்ளும் என்றுதானே நினைப்போம்? 1993இல் சூவும் கர்ட் கிபிளும் அளந்தபோது, குளிர்ந்த சீசியம் அணுக்கள் ஒன்றை ஒன்று மிக அதிகமாகப் பாதிப்பது தெரிந்தது. அணுவும் ஓர் அலைதான். வேகம் குறையக் குறைய அந்த அலையின் நீளம் கூடும், அணு பரந்துபோகும், பக்கத்து அணுவின் எல்லைக்குள் போகும். அதனால் நீரூற்றுக் கடிகாரத்தில் அடர்த்தியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, அணுவே தனியாக இருந்தால் எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள்.

மிகக் குளிர்ந்த அணுக்கள் ஒரே குவாண்டம் நிலையில் திரண்டு ஒன்றுபோல நடந்துகொள்ளும் போஸ்-ஐன்ஸ்டீன் செறிவு பற்றிப் பலர் குழப்பிக்கொள்வதும் இந்த இடத்தில்தான். டாக்காவில் இருந்து சத்யேந்திர நாத் போஸ் 1924இல் ஐன்ஸ்டீனுக்கு அனுப்பிய கட்டுரையில் முளைத்தது அது. 1995இல் கார்னெலும் வீமனும் ருபிடியத்தில், சுமார் 170 நானோ கெல்வினில், கண்ணால் பார்த்தார்கள். மகத்தான வேலை. ஆனால் அதைக் கடிகாரத்துக்குப் பயன்படுத்துவது எளிதல்ல, ஏனென்றால் அது அடர்ந்தது, அணுக்கள் ஒன்றை ஒன்று அதிகம் பாதிக்கும். சீசியத்தை வைத்துக் காலம் அளப்பவர்களுக்கு மைக்ரோ கெல்வினே போதும். செய்திகளில் வரும் "உலகிலேயே குளிர்ந்த இடம்" என்ற தலைப்பும் "உலகிலேயே துல்லியமான கடிகாரம்" என்ற தலைப்பும் பெரும்பாலும் வேறு வேறு ஆய்வகங்களைப் பற்றியவை.

இன்னொரு தொல்லை சுவர். அணு மைக்ரோ கெல்வினில் இருக்கலாம், அதைச் சுற்றிய குழாய் அறை வெப்பநிலையில்தானே இருக்கிறது? அந்தச் சுவர் உமிழும் வெப்பக் கதிர் சீசியத்தின் அதிர்வெண்ணை 10⁻¹⁴ அளவில் நகர்த்துகிறது. எஃப்2இல் அணுக்கள் பறக்கும் குழாயையே மைனஸ் 193 டிகிரி செல்சியசுக்குக் குளிர வைத்தது இதற்காகத்தான்.

சீசியத்தை இதற்கு மேல் கசக்குவதைவிடத் துடிப்பே வேகமான அணுவைத் தேடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஸ்ட்ரான்ஷியம்-87இல் ஒரு தாவல் இருக்கிறது, 698 நானோமீட்டர் சிவப்பு ஒளி, நொடிக்கு சுமார் 429 லட்சம் கோடித் துடிப்புகள். சீசியத்தின் துடிப்பைப்போல ஏறக்குறைய 47,000 மடங்கு. அதே இடைவெளியில் அவ்வளவு மடங்கு கூடுதல் அலைகளை எண்ணலாம். இதை ஒளியிலிருந்து நுண்ணலைக்கு இறக்கி எண்ணும் கருவி அதிர்வெண் சீப்பு. ஹாலுக்கும் ஹென்ஷுக்கும் 2005இல் நோபல் கிடைத்ததில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு.

ஆனால் அணுவை எங்கே வைப்பது? விழுந்துவிடும். லேசரின் நிலை அலையில் முட்டைத் தட்டு போலச் சிறு சிறு பள்ளங்களை உருவாக்கி அதில் அணுக்களைக் குடியமர்த்தலாம். ஆனால் அந்த லேசரே அணுவின் படிகளை நகர்த்தும் என்று முன்பே சொன்னேன். 2001இல் டோக்கியோவின் ஹிடெடோஷி கடோரி இதற்கு வழி சொன்னார்: பிடித்து வைக்கும் லேசர் மேல் படியையும் கீழ் படியையும் சரிசமமாக நகர்த்தும் ஓர் அலைநீளம் இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் வித்தியாசம் மாறாது. ஸ்ட்ரான்ஷியத்துக்கு அது 813 நானோமீட்டர். அணுவை நகர்த்தாமல் விடு என்று யாரும் கேட்கவில்லை, நகர்த்து, இரண்டையும் ஒரே அளவு நகர்த்து என்றார். இதைவிட நேர்த்தியான தீர்வை நான் படித்ததில்லை.

இதனால் ஆயிரக்கணக்கான அணுக்களை ஒரே நேரத்தில் கேள்வி கேட்கலாம், சராசரி விரைவில் கிடைக்கும். ஸ்ட்ரான்ஷியம்-87 ஃபெர்மியான் வகை என்பதால் ஒரே நிலையில் இருக்கும் இரண்டு அணுக்கள் நெருங்கி மோத குவாண்டம் விதியே தடையாக நிற்கிறது, மோதல் தொல்லையும் குறைகிறது. பௌல்டரில் ஜுன் யே குழு 2024இல் அறிவித்த ஸ்ட்ரான்ஷியம் கடிகாரத்தின் நிச்சயமின்மை 8×10⁻¹⁹. பிரபஞ்சம் தோன்றி 1,380 கோடி ஆண்டு ஆகிறது என்றால், அன்றே ஓட விட்டிருந்தாலும் இன்று அரை நொடிகூடத் தவறியிருக்காது. ஒரே ஒரு அலுமினிய அயனியை வைத்து 2025இல் நிஸ்ட் இதையும் தாண்டியது. அது வேறு பாதை.

கடைசிக் கேள்வி: யாருக்கு வேண்டும்? வழிகாட்டி செயற்கைக்கோள்களுக்கு என்று பலர் பதில் சொல்கிறார்கள், பாதிதான் சரி. ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகிறது, எனவே ஜிபிஎஸ்ஸுக்கு நல்ல கடிகாரம் வேண்டும். ஆனால் அதில் பறப்பவை பெரும்பாலும் ருபிடியம் போன்ற சிறிய, குளிர வைக்காத கடிகாரங்கள். குளிர் அணுக் கடிகாரங்கள் தரையில் இருந்து உலக நேரத்தின் ஓட்டத்தைச் சரிபார்க்கின்றன. பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள பன்னாட்டு எடை அளவைகள் நிறுவனம் பல நாடுகளின் நூற்றுக்கணக்கான கடிகாரங்களைச் சராசரி எடுத்து, நீரூற்றுக் கடிகாரங்களால் திருத்துகிறது. நம் நாட்டின் நேரத்தைப் பராமரிக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும் சீசியம் நீரூற்று ஒன்றைக் கட்டியிருக்கிறது.

ஆனால் 10⁻¹⁸இல் கடிகாரம் வேறு ஒரு கருவியாக மாறிவிடுகிறது. ஐன்ஸ்டீன் சொன்னபடி ஈர்ப்பு குறைவாக உணரப்படும் உயரத்தில் காலம் வேகமாக ஓடும். தரைக்கு அருகில் ஒரு மீட்டர் உயரத்துக்கு இந்த வேறுபாடு 10⁻¹⁶, ஒரு சென்டிமீட்டருக்கு 10⁻¹⁸. கடோரியின் குழு டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தின் அடியிலும் 450 மீட்டர் உயரத்திலும் ஸ்ட்ரான்ஷியம் கடிகாரங்களை வைத்து, மேலே உள்ளது நாளொன்றுக்குச் சுமார் 4 நானோ நொடி முந்துவதை 2020இல் வெளியிட்டது. 2022இல் பௌல்டரில் ஒரே அணுக்கூட்டத்துக்குள், ஒரு மில்லிமீட்டர் இடைவெளியிலேயே, இந்த வேறுபாட்டைக் கண்டார்கள். அதாவது எரிமலையின் அடியில் குழம்பு நகர்ந்தாலோ, நிலத்தடி நீர் வற்றினாலோ, ஈர்ப்பு மாறும், கடிகாரம் சொல்லும். கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதை நாடுவிட்டு நாடு ஒப்பிட, ஒளியிழை வழியாக இணைத்த இரண்டு கடிகாரங்களே போதும்.

இயற்கையின் மாறிலிகள் உண்மையிலேயே மாறாதவையா என்று தேடுபவர்களும் இதே கடிகாரங்களைத்தான் வைத்திருக்கிறார்கள். வேறு வேறு அணுக்களின் துடிப்பை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தால், மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கும் நுண்கட்டமைப்பு மாறிலி ஊசி முனையளவு நகர்ந்திருந்தாலும் தெரியவரும். 2025 ஏப்ரலில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஏசஸ் என்ற தொகுப்பைப் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பியது. அதில் உள்ள ஃபாராவ் கடிகாரம் குளிர்ந்த சீசியம் அணுக்களைக் கொண்டது. அங்கே எடையின்மையில் அணுக்கள் விழுவதில்லை, ஆகவே நீரூற்றும் தேவையில்லை, மெதுவாகத் தள்ளிவிட்டால் தன்போக்கில் நகரும்.

நொடியின் வரையறையையும் மாற்ற முயல்கிறார்கள். 2030இல் கூடும் எடை அளவை மாநாட்டில் சீசியத்தின் இடத்தில் ஒளி அதிர்வெண் ஒன்றையோ பலவற்றின் கூட்டையோ வைக்கும் முடிவு வரலாம் என்று தயாரிப்பு நடக்கிறது. எந்த அணு என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து வரவில்லை. ஸ்ட்ரான்ஷியம், இட்டர்பியம், அலுமினியம் என்று ஒவ்வோர் ஆய்வகமும் தன் தேர்வுக்கு வலுவான காரணம் வைத்திருக்கிறது.